முட்டை கொடுத்தது கிபிபி, சுமந்தது இஸ்ஸி: சிவிங்கிப்புலிக்கு ஐவிஎஃப் எதற்கு?

2020 பிப்ரவரி 19ம் தேதி இரவு. அமெரிக்காவின் ஓஹையோ மாகாணத்தில் உள்ள கொலம்பஸ் உயிரியல் பூங்காவில், இஸ்ஸி என்ற 3 வயது சிவிங்கிப்புலி இரண்டு குட்டிகளை ஈன்றது. ஒன்று ஆண், ஒன்று பெண். ஆனால் இரண்டுமே இஸ்ஸியின் சொந்தக் குட்டிகள் கிடையாது!

கருமுட்டை, அதே பூங்காவில் இருந்த கிபிபியுடையது. விந்தணு, டெக்சாஸில் உள்ள ஸ்லாஷ் என்ற ஆணுடையது. இஸ்ஸி வாடகைத்தாய் மட்டுமே. ஐவிஎஃப் முறையில் பிறந்த உலகின் முதல் சிவிங்கிப்புலிக் குட்டிகள் இவைதான்.

(சிறுத்தையும் சிவிங்கிப்புலியும் ஒன்றல்ல. கண்ணிலிருந்து வாய் வரை கண்ணீர்த் தடம் போல கறுப்புக் கோடு இருந்தால் அது சிவிங்கிப்புலி.)

ஏன் இவ்வளவு மெனக்கெடல்?

காடுகளில் இன்று மிச்சமிருக்கும் சிவிங்கிப்புலிகள் சுமார் 7,000 மட்டுமே. எண்ணிக்கை ஒரு பிரச்சனை என்றால், அதைவிடப் பெரிய பிரச்சனை ரத்த உறவு. சுமார் 10 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த இனம் ஏறக்குறைய அழிந்து, பிழைத்த சிலவற்றிலிருந்து மறுபடி பெருகியது. அதனால் எல்லாமே கிட்டத்தட்ட சொந்தக்காரர்கள். 1980களில் நடந்த ஆய்வில் ஒன்றின் தோலை உறவே இல்லாத இன்னொன்றின் உடலில் ஒட்டியபோது, உடல் அதை அந்நியமாகவே பார்க்கவில்லை என்றால் பாருங்கள்! ஆண்களின் விந்தணுக்களிலும் பெரும்பகுதி குறைபாடுள்ளவை.

அதனால் இதுவரை குட்டி போடாத ஒவ்வொரு விலங்கின் மரபணுவும் முக்கியம். இங்கேதான் சிக்கல். ஆணையும் பெண்ணையும் ஒரே கூண்டில் விட்டால் போதும், குட்டி வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். பெண்ணுக்கு ஆணைப் பிடிக்கவில்லை என்றால் கதை அங்கேயே முடிந்தது.

வயதும் காத்திருக்காது. 8 வயதைத் தாண்டினால் பெண் சிவிங்கிப்புலி கருத்தரிப்பது அபூர்வம். முட்டை நன்றாகவே இருக்கிறது, கருப்பைதான் பழுதாகிவிடுகிறது என்று கண்டுபிடித்தார்கள் ஸ்மித்சோனியன் விஞ்ஞானிகள். அப்படியென்றால் இளம் பெண்ணின் வயிற்றில் வைத்தால் என்ன? கிபிபிக்கு அப்போது ஆறரை வயது. ஒருமுறைகூட குட்டி போட்டதில்லை.

எப்படி செய்தார்கள்?

அதற்கு முன் செயற்கைக் கருவூட்டலில் முயன்று பார்த்தார்கள். 2003க்குப் பிறகு அதில் ஒரு குட்டிகூட பிறக்கவில்லை. அதனால்தான் ஐவிஎஃப் பக்கம் திரும்பினார்கள்.

கிபிபி, பெல்லா என்ற இரு பெண்களுக்கு ஹார்மோன் ஊசி போட்டு முட்டைகளை வளர வைத்தார்கள். 2019 நவம்பர் 19ம் தேதி மயக்க மருந்து கொடுத்து அவற்றை எடுத்து, உறைய வைத்திருந்த விந்தணுவை உருக்கி ஆய்வகத்தில் சேர்த்தார்கள். இரண்டே நாளில், 21ம் தேதி, கருக்கள் இஸ்ஸிக்கும் அதன் சகோதரி ஒபிலியாவுக்கும் வைக்கப்பட்டன. டிசம்பர் ஸ்கேனில் இஸ்ஸியின் வயிற்றில் மட்டும் இரண்டு உயிர்கள் தெரிந்தன. சிவிங்கிப்புலியில் கரு மாற்றம் செய்து பார்த்தது அப்போது மூன்றாவது முறைதான்.

புலிக்கு, பூனைக்கு?

புலி இதில் சீனியர். 1990லேயே அமெரிக்காவின் ஒமாஹா பூங்காவில் மூன்று ஐவிஎஃப் புலிக்குட்டிகள் பிறந்துவிட்டன. 2012ல் நியூ ஆர்லியன்ஸில் ஒரு வீட்டுப்பூனை, தென் ஆப்பிரிக்கப் பகுதியின் அரிய கருங்கால் பூனைக் குட்டியைப் பெற்றெடுத்தது. சின்ன இனங்களுக்கு வீட்டுப்பூனையே வாடகைத்தாய் ஆகலாம். சிவிங்கிப்புலிக்கு அந்த வசதி இல்லை, சுமப்பதற்கும் இன்னொரு சிவிங்கிப்புலியே வேண்டும்.

ஆனாலும் எங்கேயும் இது தினசரி நடக்கும் வேலையாகவில்லை. பூனைக் குடும்பத்தில் ஒவ்வொரு இனத்துக்கும் ஹார்மோன் கணக்கு வேறு. புலிக்குப் போட்ட அளவு சிவிங்கிப்புலிக்குச் சரிவராது. அழியும் நிலையில் உள்ள விலங்கை வைத்து அடிக்கடி சோதித்துப் பார்க்கவும் முடியாது.

குனோவுக்கு உதவுமா?

மத்தியப் பிரதேசத்தின் குனோவில் பிறந்த குட்டிகள் இயற்கையாக இணை சேர்ந்து பிறந்தவை. இருக்கிற ஜோடிகள் தாமாகக் குட்டி போடும் வரை அங்கே ஐவிஎஃப்புக்கு வேலை இல்லை.

ஆனால் புது ரத்தம் தேவைப்படும்போது? 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து 8 சிவிங்கிப்புலிகளைத் தனி விமானத்தில் கொண்டுவந்து, பல வாரம் தனிமைப்படுத்தி வைக்க வேண்டியிருந்தது. மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறைந்த விந்தணுவுக்கு இது எதுவும் வேண்டாம், ஒரு சிறிய கலன் போதும். ஆப்பிரிக்கக் காட்டில் ஓடும் ஆணைப் பிடித்து, மயக்கி, மாதிரி எடுத்துவிட்டு மறுபடி அங்கேயே விட்டுவிடலாம்.