மூங்கில்துறைப்பட்டுச் சாலையும் மூன்று படங்களும்

சினிமா என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்திலேயே முகஞ்சுளிக்கும் பெரியோர் இன்றும் நம்மிடையே சிலர் உளர். அவர்கள் இப்பக்கங்களைத் தள்ளிவிட்டு அடுத்த கட்டுரைக்குச் செல்வாராயின் எனக்கு வருத்தமில்லை. ஆயினும் செல்லுமுன் ஒரு செய்தியை மட்டும் கேட்டுச் செல்லல் வேண்டும். 1905-ஆம் ஆண்டில், திருச்சிராப்பள்ளியில் இரயில்வே எழுத்தராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்பவர், டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஒரு படக்கருவியையும் சில மௌனப் படங்களையும் விலைக்கு வாங்கி, கூடாரம் அடித்து ஊர் ஊராய்க் காட்டத் தொடங்கினார். அப்படங்களுள் இயேசுநாதர் சரித்திரமும் ஒன்று. ஆகவே தமிழ்நாட்டுப் படக்கொட்டகைக்கும் நம் போன்ற மிஷன் கல்லூரியாருக்கும் உள்ள உறவு நாம் எண்ணுவதைவிடப் பழையது.

அண்மையில் பார்த்த படங்களைப் பற்றி ஏதேனும் எழுதுக என்று நம் சஞ்சிகையின் ஆசிரியர் கேட்டிருந்தார். பார்த்தவை பல, மறந்தவை அவற்றினும் பல. மறவாமல் நிற்பவை மூன்று. அவை ஏன் நிற்கின்றன என்பதைச் சொல்ல, முதலில் எங்கள் ஊர்ச் சாலையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூங்கில்துறைப்பட்டு தென்பெண்ணையாற்றங்கரையில் உள்ளது. மேற்கே கல்வராயன் மலை நீலக்கோடாய்த் தெரியும். 2019-ஆம் ஆண்டில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது நாங்களும் அதனுடன் சென்றோம். வெளியூரார்க்கு எங்கள் ஊரின் பெயர் தெரிந்திருக்குமாயின் அது பெரும்பாலும் இங்குள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலையினாலேயே இருக்கும். அரவைக் காலம் வந்துவிட்டால் இச்சாலையில் இரவென்றும் பகலென்றும் இல்லை. கரும்பு வெட்டப்பட்ட நேரம் முதல் அதன் இனிப்புக் குறையத் தொடங்குகிறது. விரைவில் ஆலையை அடைந்தாக வேண்டும். அடிக்கட்டையிலேதான் சர்க்கரை மிகுதியாதலால் வெட்டுவோர் தரையோடு தரையாகக் குனிந்தே வெட்ட வேண்டும். சோகை கையை அறுக்கும் என்பதற்காகப் பழைய சட்டையின் கையைக் கிழித்து முழங்கை வரை சுற்றிக்கொள்வர். வெட்டி, கொழுந்தாடையை முறுக்கிக் கட்டி, தலையிற் சுமந்து வந்து டிராக்டர் வண்டியில் ஏற்றுவர். பொழுது சாய்ந்தபின் அச்சுமையின் உச்சியிலேயே சிலர் அமர்ந்து வீடு திரும்புவதும் உண்டு. பிள்ளைப் பருவத்தில் அதனை யானைமேற் சவாரி என்றே எண்ணி நான் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள் மாரி செல்வராஜின் ‘வாழை’ வெளியாயிற்று. அடுத்த ஞாயிறன்று திருவண்ணாமலையில் அதனைக் கண்டேன். கதை தூத்துக்குடி மாவட்டத்துப் புளியங்குளத்தில் நடப்பது. அதுவே டைரக்டரின் சொந்த ஊர். சிவனைந்தான் என்னும் சிறுவன் நன்றாகப் படிக்கிறான். ஆனால் தாய் தரகனிடம் பட்ட கடனுக்காகப் பள்ளியில்லாத நாட்களில் தாயுடனும் தமக்கையுடனும் வாழைத்தார் சுமக்கச் செல்ல வேண்டும். சேற்றிலும் வரப்பிலும் சுமந்து கழுத்து வீங்கிப்போகிறது. சுமப்போர் ஒன்றுகூடித் தாருக்கு ஒரு ரூபாய் கூலி உயர்த்தக் கேட்டுப் பெறுகின்றனர். கொடுத்ததை வேறு வழியிற் பிடிக்க நினைக்கும் தரகன், ஆட்களுக்கென்று தனி வண்டி வைப்பதை நிறுத்தி, தார் ஏற்றிய லாரியின்மேலேயே அவர்களை ஏற்றியனுப்புகிறான். லாரி கவிழ்கிறது. சிறுவனோ அன்று தமக்கையின் துணையால் வேலைக்குச் செல்லாமல் பள்ளிக்கு நடனம் பழகச் சென்றவன். டைரக்டரின் இளமையில் அப்பகுதியில் மெய்யாகவே நிகழ்ந்த ஒரு விபத்தே இதற்கு மூலம்.

படத்தில் எல்லாம் எனக்கு உவப்பென்று சொல்ல மாட்டேன். ஆசிரியை பூங்கொடியின்மேல் சிறுவன் கொண்ட பற்று முதலில் இனிக்கிறது. பின்னர்ச் சற்று நீள்கிறது. இறுதி ஓலத்தில் வாத்தியங்கள் அத்தனை ஓங்கி ஒலித்திருக்க வேண்டியதில்லை. அங்கே ஒரு தாய் அழுகிறாள், அதுவே போதும். ஆனால் ஒரு கட்டம் என்னை இருக்கையிலேயே நிறுத்திவிட்டது. பசி தாளாத சிறுவன், வீட்டில் நேர்ந்த சாவின் நடுவே, சோற்றை நாடிச் செல்கிறான். தாய் அதைக் கண்டு அவனை அடிக்கிறாள். துக்கமும் பசியும் ஒரே உடம்பில் ஒரே நாழிகையில் இருக்கக்கூடும் என்பதை மனிதர் அனைவரும் அறிவர். வெளியே சொல்லக் கூசுவர். அந்தக் கூச்சத்தை இவர் மறைக்கவில்லை. கொட்டகை விட்டு வெளியே வந்தபின், சுமையின்மேல் அமர்ந்து செல்வோரை யானைச் சவாரியாக என்னால் நினைக்கக்கூடவில்லை. அன்று தொட்டு எங்கள் சாலையில் அவ்வாறு ஒரு வண்டி வருமாயின், அது கண்ணுக்கு மறையும் வரை நின்று பார்க்கும் வழக்கம் வந்துவிட்டது.

இதனோடு ஒரு துணைச் செய்தியும் கூறத்தக்கது. ‘சூல்’ என்னும் நாவலுக்காக 2019-இல் சாகித்திய அகாதமிப் பரிசு பெற்ற சோ. தர்மன், வாழைத்தார் சுமக்கும் பிள்ளைகளைப் பற்றித் தாம் முன்னரே ‘வாழையடி’ என்னும் சிறுகதை எழுதியிருப்பதை எடுத்துரைத்தார். மாரி செல்வராஜ் அக்கதையைப் படம் வெளியான பின்னரே படித்ததாகவும், யாவரும் படிக்க வேண்டிய கதை என்றும் சொன்னார். இதுபற்றிப் பூசல் வளர்த்தோர் பலர். எனக்கோ வியப்பு வேறு. வாழைச் சுமை அந்நிலத்தில் எத்தனை தலைமுறையாய் உள்ளது! எண்ணி இருவர்தானே அதனைக் கதையாக்கினர்!

பி. எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ அளவிற் சிறிய படம். ஒன்றேகால் மணி நேரந்தான். 2021-ஆம் ஆண்டு ராட்டர்டாம் திரைப்பட விழாவில் ‘புலி’ப் பரிசு பெற்றது, தமிழ்ப் படம் ஒன்று அப்பரிசைப் பெற்றது அதுவே முதன்முறை. அவ்வாண்டு இந்தியாவின் சார்பில் ஆஸ்கர் பரிசுக்கு அனுப்பப்பட்டதும் அதுவே. கதையைச் சொல்லப் புகுந்தால் நான்கு வரியில் முடிந்துவிடும். குடிகாரனாகிய கணபதி, தன் மகன் வேலுவைப் பள்ளியிலிருந்து இழுத்துக்கொண்டு, பிறந்தகம் போன மனைவியை அழைக்க அடுத்த ஊர் செல்கிறான். அவளோ அதற்குள் திரும்பிவிட்டாள். திரும்பும் வழிக்கான பணத்தைப் பையன் கிழித்தெறிந்துவிட, கொடு வெயிலில் இருவரும் நடந்தே வீடு சேர்கின்றனர். வரதட்சிணைக்காகக் கணவனால் துரத்தப்பட்ட தம் சகோதரி கைக்குழந்தையுடன் பதின்மூன்று கிலோமீட்டர் நடந்து வந்ததே இப்படத்திற்கு வித்து என்று டைரக்டர் கூறியுள்ளார். நடந்தவள் பெண், ஆனால் படத்தில் நடப்பவனோ ஆண். அவளை நடக்கவைத்த வெயிலில் அவனை நடக்கவிட்டுப் பார்க்கிறார் போலும்.

தகப்பனும் மகனும் நடக்கும் கதை உலகிற்குப் புதிதன்று. 1948-இல் விட்டோரியோ டி சிக்கா எடுத்த ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ என்னும் இத்தாலியப் படத்தில், களவுபோன சைக்கிளைத் தேடி ஒரு தந்தையும் சிறுவனும் ரோமாபுரித் தெருக்களில் அலைகின்றனர். தந்தையாக நடித்தவர் நடிகரே அல்லர், ஆலைத் தொழிலாளி. 1950-இல் லண்டன் மாநகரில் அதனைக் கண்ட சத்தியஜித் ராய், தமது வங்க நாட்டுக் கிராமத்தையும் அவ்வாறே எடுக்கலாம் என்று துணிந்தார். 1955-இல் ‘பதேர் பாஞ்சாலி’ பிறந்தது. இத்தாலிய நாட்டுச் சைக்கிள் வங்காளத்திற்கு எதனைக் கொடுத்தது? கதையையோ காட்சியையோ கொடுக்கவில்லை. உன் ஊர்த் தெருவும் படத்திற்கு ஏற்றதே என்னும் துணிவைக் கொடுத்தது. வினோத்ராஜும் அவ்வழியில் வந்தவரே. மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியின் வெயிலையே அவர் ஒரு பாத்திரமாக்கியிருக்கிறார். தாகத்திற்கு ஒரு கூழாங்கல்லை வாயில் அடக்கிக்கொண்டு நடக்கிறான் சிறுவன். வீட்டிற்கு வந்து அதனை வைக்கும்போது, அங்கே முன்னமே பல கற்கள் இருக்கின்றன. இந்நடை எத்தனையாவது நடை என்று எவரும் நமக்குச் சொல்வதில்லை. கற்களை எண்ணிக்கொள்ள வேண்டியதுதான்.

மூன்றாவது படமும் அவருடையதே. ‘கொட்டுக்காளி’ என்றால் மதுரைப் பக்கத்துப் பேச்சில் பிடிவாதக்காரி. 2024 பிப்ரவரியில் பெர்லின் விழாவிற் காட்டப்பெற்று, ‘வாழை’ வெளிவந்த அதே நாளில் நம் கொட்டகைகளுக்கும் வந்தது. வேறு சாதி வாலிபன்மேல் மனம் வைத்த மீனாவுக்குப் பேய் பிடித்திருப்பதாகக் கருதி, முறைமாப்பிள்ளை பாண்டியும் உறவினரும் அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, கால் கட்டிய சேவலுடன் சாமியாரிடம் செல்கின்றனர். படம் முழுவதும் அப்பயணந்தான். பின்னணி இசை அறவே இல்லை. ஆட்டோவின் உறுமல், காற்று, சேவலின் சிறகடிப்பு, உறவினரின் ஓயாத பேச்சு. இவையே நாம் கேட்பன. மீனா வாய் திறப்பதே அரிது.

இசையின்மை ஒரு குறையென்றும், இது கொட்டகைக்கு ஏற்ற படம் அன்றென்றும் சிலர் சொன்னார்கள். இசை இல்லாதபோது நிகழ்வது யாது என்று சிறிது ஆராய்ந்து பார்க்கலாம். சாதாரணப் படத்தில் ஒரு காட்சி தொடங்குமுன்னரே வீணையோ வயலினோ வந்து, இப்போது நீ இரங்க வேண்டும், இப்போது நீ அஞ்ச வேண்டும் என்று நம் தோளைத் தட்டிச் சொல்லிவிடுகிறது. அத்துணை நீக்கப்பட்டால் தீர்ப்பு நம் கைக்கு வந்துவிடுகிறது. அந்த ஆட்டோவில் நாமும் ஒருவராய் அமர்ந்திருக்கிறோம். இறங்கி நடக்கவும் இயலவில்லை, வாய் திறக்கவும் இயலவில்லை. சாலையின் குறுக்கே ஒரு காளை நிற்க, மீசை முறுக்கிய ஆண்மக்கள் அத்தனை பேரும் தயங்குகின்றனர். ஒரு சிறுமி வந்து அதனை அழைத்துச் செல்கிறாள். இங்கே மேளம் கொட்டியிருந்தால் அது வெறும் வேடிக்கையாய்ப் போயிருக்கும். சாமியாரின் இடத்தில் வேறொரு பெண்ணுக்கு நிகழ்வதைப் பாண்டி பார்த்து நிற்பதோடு படம் முடிகிறது. அவன் அடுத்து என் செய்வான் என்பது சொல்லப்படவில்லை. இவ்வாறு முடித்தது எனக்கு முழு நிறைவு தரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இரண்டு நாள் அதனோடு மனத்தில் வழக்காடினேன், இன்னும் முடியவில்லை.

இனி இவர்களது வாழ்க்கையைப் பற்றி. வினோத்ராஜ் சிறுவயதிலேயே மதுரைப் பூச்சந்தையிலும் திருப்பூரிலும் கூலி வேலை செய்தவர். மாரி செல்வராஜ் வாழை சுமந்தவர். இதனை வைத்து, துன்பப்பட்டவனுக்கே கலை வாய்க்கும் என்று மேடைகளிற் பேசுகிறார்கள். நான் அதனை ஏற்கவில்லை. துன்பமே கலையைத் தருமாயின் எங்கள் ஊர்க் கரும்புத் தோட்டம் ஒவ்வொன்றிலும் பத்துக் கலைஞர் இருக்க வேண்டுமன்றோ? வினோத்ராஜ் பின்னர்ச் சென்னையில் ஒரு டி.வி.டி. கடையில் வேலைக்கு அமர்ந்தார். உலகத்துப் படங்களை அங்கே கண்டார். ‘மணல்மகுடி’ நாடகக் குழுவிற் சேர்ந்து பயின்றார். மாரி செல்வராஜ் டைரக்டர் ராமிடம் பல்லாண்டு துணைவராயிருந்தார். ‘தாமிரபரணியில் கொல்லப்படாதவர்கள்’ என்னும் கதைத் தொகுதியை எழுதி எழுதிக் கை பழகினார். 2018-இல் ‘பரியேறும் பெருமாள்’ வந்தது அதன் பின்னரே. சுமையை அவர்களுக்குத் தந்தது ஊர். அதனைச் சுமை என்று நின்று பார்க்கும் கண்ணைப் பிறர் நூலும் பிறர் படமும் தந்தன. விதைக்கிறவனையும் வலையையும் மாவிலிட்ட புளிப்பையும் உவமையாக்கிய போதகரின் நூலை நாம் தினந்தோறும் கல்லூரிச் சிற்றாலயத்தில் வாசிக்கக் கேட்டிருந்தும், நம் வீட்டுப் பண்டங்களும் சொல்லுக்குரியவை என்பது என் போன்றோர்க்கு உறைக்கவில்லை.

என் போன்றோர் என்று பொதுவிற் சொல்லித் தப்பித்துக்கொள்ளல் ஆகாது. மாணவனாயிருந்தபோது இதே சஞ்சிகைக்கு நான் ஒரு கட்டுரை கொடுத்தேன். தலைப்பு ‘நிலவொளியில் தாஜ்மகால்’. நான் ஆக்ராவைக் கண்டதில்லை, இன்றளவும் கண்டேனில்லை. அக்கட்டுரை அச்சாயிற்று, ஆசிரியர் பாராட்டினார். அதே அரவைக் காலத்தில் என் தகப்பனார் எங்கள் ஊர்ப் பக்கம் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார். விடுதியில் நண்பர்கள் கேட்டபோது, விவசாயம் என்று மட்டும் சொல்லிவைத்தேன். அச்சான சஞ்சிகையை வீட்டிற்குக் கொண்டுபோய்க் காட்டியபோது, அவர் என் பெயர் அச்சாகியிருந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். சோகை கிழித்த விரல். இப்போது அவர் இல்லை.

‘வாழை’ பார்த்துவிட்டு வந்த இரவு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். ஒரு நாளைக்கு எத்தனை கட்டுத் தூக்குவீர்கள், தலைச்சும்மாடு எதனாற் செய்வீர்கள், வண்டியின்மேல் நீங்களும் ஏறி வந்ததுண்டா என்று வரிசையாகக் கேட்டேன்.

“இன்னாத்துக்குடா இப்ப அதெல்லாம்?” என்றார்கள்.

“சும்மாதாம்மா. எழுதி வெச்சிக்கலாம்னு.”

சற்று நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின், “மொதல்ல கட்டு கட்டுறது எப்பிடின்னு எழுதிக்கோ. அதத் தப்பா எழுதிட்டா மத்தது எல்லாம் தப்பாப் பூடும்” என்று சொல்லி, பக்கத்தில் கிடந்த துண்டை எடுத்து, கொழுந்தாடை முறுக்கும் விதத்தை முறுக்கிக் காட்டத் தொடங்கினார்கள். எனக்கு அது முதன்முறையில் வரவில்லை. இரண்டாம் முறையும் அவிழ்ந்துபோயிற்று.