பழைய காருக்குப் புதிய பேரிங்: எண்ணைப் பிடித்தால் வழி பிறக்கும்

கம்பெனி மூடிப் பல்லாண்டு ஆன கார்களுக்கும் தரமான வீல் பேரிங் இன்றும் கிடைக்கிறது. எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

சென்னையை அடுத்த வண்டலூரில் 1961 முதல் தயாரான கார் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தின் டிரையம்ஃப் நிறுவனம் 1959-ல் வெளியிட்ட இந்தக் காரின் வடிவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி. ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1980-களின் இறுதியில் கார் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. ஆனாலும் தாத்தா வாங்கிய ஹெரால்டைப் பேரன் துடைத்து ஓட்டும் வீடுகள் இருக்கின்றன. பம்பரில் கீறல் விழுந்தாலும் கார் ஓடும். வீல் பேரிங் போய்விட்டால் ஓட்டவே கூடாது. காரின் எடை முழுவதையும் சாலையில் சுமப்பவை அந்தச் சின்ன எஃகு வளையங்கள்தான்.

"இந்தக் காருக்கு இனி எங்கே சார் பேரிங் கிடைக்கும்?" என்று மெக்கானிக் கையை விரித்தால் மனம் தளர வேண்டாம். ஹெரால்டுக்கு மட்டுமல்ல, 2014-ல் நின்றுபோன அம்பாசடருக்கும், அதற்கு முன்பே விடைபெற்ற பிரீமியர் பத்மினிக்கும் இதே பதில்தான்: காரின் பெயரைச் சொல்லித் தேடாதீர்கள், பேரிங்கின் எண்ணைச் சொல்லித் தேடுங்கள்.

கழற்றும் முன் உறுதி செய்யுங்கள்

வேகம் கூடக் கூட ஏறும் ஊளைச் சத்தம்தான் முதல் அறிகுறி. இடப்பக்கம் வளையும்போது காரின் பாரம் வலச் சக்கரத்துக்குப் போகிறது. அப்போது சத்தம் கூடினால் வலப்பக்க பேரிங்கைச் சந்தேகிக்கலாம்.

அடுத்து ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால், ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் கோளாறு பேரிங்கில் இருக்கிறது. மறையாவிட்டால் சஸ்பென்ஷன் மூட்டுகளைப் பார்க்க வேண்டும். இந்தச் சின்னச் சோதனையைச் செய்யாமல் நல்ல பேரிங்கைக் கழற்றி எறிபவர்கள் பலர்.

எண்ணில் இருக்கிறது எல்லாம்

கார் கம்பெனிகள் பெரும்பாலும் பேரிங் செய்வதில்லை. பேரிங் கம்பெனிகளிடம் வாங்கிப் பொருத்தித் தங்கள் பெயர் போட்ட பெட்டியில் விற்கின்றன. கார் மறைந்தாலும், அதே பேரிங் ஒரு டிராக்டரிலோ பம்பு செட்டிலோ நெசவு இயந்திரத்திலோ வாழ்ந்துகொண்டிருக்கும்.

பழைய பேரிங்கை மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவி, பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண்ணைப் பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள். 6205 என்றால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்க வேண்டும்: உள்விட்டம் 25 மில்லிமீட்டர். வெளிவிட்டம் 52, அகலம் 15. உலகில் எந்த நாட்டில் செய்த 6205-க்கும் இந்த அளவுகள்தான். எண் தேய்ந்திருந்தால் வெர்னியர் காலிப்பரால் இந்த மூன்று அளவுகளையும் எடுங்கள்.

ஹெரால்டின் முன்சக்கரங்களின் நடுப்பகுதியான ஹப் ஒவ்வொன்றிலும் இரண்டு டேப்பர் ரோலர் பேரிங்குகள் உண்டு. ஹென்றி டிம்கன் 1898-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. கூம்பு வடிவ உருளைகள் எடையையும், வளைவில் வரும் பக்கவாட்டு விசையையும் சேர்த்தே தாங்கும். இதில் உருளைகளோடு வரும் உள்வளையமான கோனுக்கு ஓர் எண், வெளிவளையமான கப்புக்கு ஓர் எண். எல்எம் 67048 கோனுக்கு எல்எம் 67010 கப் ஜோடி என்பதுபோல. கோனை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய கப்பை ஹப்பிலேயே விட்டுவைப்பது பெரும் தவறு. தேய்ந்த பாதையில் ஓடும் புது உருளை சீக்கிரமே தேயும்.

இரண்டு பொறிகள்

முதலாவது, அங்குலம். அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்களில் அங்குல அளவு பேரிங்குகள் நிறைய. ஆர்எல்எஸ் 8 என்ற பேரிங்கின் உள்விட்டம் ஓர் அங்குலம், அதாவது 25.4 மி.மீ. அந்தத் தண்டில் 25 மி.மீ. பேரிங் ஏறாது. "தண்டைக் கொஞ்சம் தேய்த்து ஏற்றிவிடலாம்" என்று யாராவது சொன்னால் இடம் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது பொறி இன்னும் நுட்பமானது: அளவு ஒன்று, உள்ளமைப்பு வேறு. பிரிட்டிஷ் காரான மாரிஸ் மைனரின் முன்சக்கரங்களில் பக்கவாட்டு விசையைத் தாங்கும் சாய்கோண பால் பேரிங்குகள் இருந்தன. 7205 அந்த வகை. சாதாரண 6205-ம் அதே 25, 52, 15 அளவுதான். அச்சாகப் பொருந்தும், விலையும் குறைவு. ஆனால் வளைவுகளில் வரும் விசைக்கு ஈடுகொடுக்காது. பொருந்துகிறது என்பதற்காக வாங்கிவிடக் கூடாது.

எங்கே வாங்குவது?

சென்னை புதுப்பேட்டையில் பழைய கார்களிலிருந்து கழற்றிய கதவும் ஹப்பும் கிடைத்தால் மகிழ்ச்சியாக வாங்கலாம். பேரிங் மட்டும் பழையது வேண்டாம். ஜி.பி. ரோட்டின் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் கேட்கலாம். அதைவிடச் சிறந்த வழி, பேரிங் மட்டுமே விற்கும் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் எண்ணோடு போவது. மில்களும் பம்பு தொழிற்சாலைகளும் நிறைந்த கோவையில் இத்தகைய கடைகளுக்குப் பஞ்சமில்லை.

நல்ல பேரிங்குக்கு வெளிநாட்டைத்தான் பார்க்க வேண்டும் என்பதும் இல்லை. ஜாம்ஷெட்பூரில் டிம்கன், புனேயில் எஸ்.கே.எஃப்., வடோதராவில் எஃப்.ஏ.ஜி., ஜெய்ப்பூரில் என்.பி.சி. என்று இங்கேயே ஆலைகள் இருக்கின்றன. இங்கே கிடைக்காத எண்ணுக்கு மட்டும் இங்கிலாந்தின் டிரையம்ஃப் உதிரிபாகக் கடைகளை நாடலாம். ஹெரால்டின் முன் சஸ்பென்ஷனைப் பகிர்ந்துகொண்ட ஸ்பிட்ஃபயர் கார் 1980 வரை தயாரானதால் அங்கே தேவை குறையவில்லை. அப்போதும் விற்பவரிடம் ஒரு கேள்வி அவசியம்: "பெட்டிக்குள் இருப்பது யார் செய்த பேரிங்?" பதில் சொல்லத் தயங்கினால் விலகிவிடுங்கள்.

போலிகள் ஏராளம். நம்ப முடியாத மலிவு, மங்கலான அச்சு, எழுத்துப் பிழை, உள்விட்டத்தில் ஏற்கெனவே ஒரு தண்டில் ஏறிய தேய்மானக் கறை ஆகியவை எச்சரிக்கை மணிகள். பழையதை மெருகேற்றிப் புதிதாக விற்பதும் நடக்கிறது. எஸ்.கே.எஃப்., ஷாஃப்லர் நிறுவனங்கள் அசலைச் சரிபார்க்கச் செல்போன் செயலிகளே வைத்திருக்கின்றன. பயன்படுத்துங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

பல ஆண்டுகள் பெட்டி பிரிக்காமல் கிடந்த பழைய சரக்கு, நல்ல கம்பெனியுடையதென்றால் பொக்கிஷம். துருப்புள்ளி ஒன்றுகூட இல்லை என்று பார்த்து, காய்ந்த கிரீஸைக் கழுவிப் புது கிரீஸ் வைத்துப் பயன்படுத்தலாம்.

பொருத்தும் கையில் பாதி ஆயுள்

உயர்ந்த பேரிங்கையும் ஒரே சுத்தியல் அடியில் பாழாக்கலாம். தண்டில் ஏற்றும்போது உள்வளையத்தை மட்டும், ஹப்பில் இறக்கும்போது வெளிவளையத்தை மட்டும் அழுத்த வேண்டும். விசை குண்டுகளின் வழியே போனால் பாதையில் பள்ளம் விழும், புது பேரிங் முதல் நாளே கத்தும்.

கிரீஸை உருளைகளுக்கு இடையே நன்றாக ஏற்றுங்கள். ஹப் முழுவதையும் அடைத்தால் சூடேறும். ஹெரால்டின் முன் ஹப்பில் உள்ள ஃபெல்ட் சீலையும் கட்டாயம் மாற்றுங்கள். சீல் விட்டால் தண்ணீரும் மண்ணும் உள்ளே போய்விடும். நட்டை, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு கையேட்டில் சொன்ன அளவு தளர்த்த வேண்டும். இருக்க வேண்டிய இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்குதான். பழைய ஸ்பிளிட் பின்னை மறுபடி போடாதீர்கள்.

ஹெரால்டின் பின்சக்கரம் தனிக் கவனம் கேட்பது. ஹப்பைக் கழற்றவே வலுவான புல்லர் வேண்டும். உள்ளே பால் பேரிங்கோடு ஓர் ஊசி உருளை பேரிங்கும் உண்டு. அந்த ஊசிகள் ஆக்ஸில் தண்டின் மீதே நேரடியாக ஓடுகின்றன. தண்டு தேய்ந்திருந்தால் எவ்வளவு நல்ல பேரிங் போட்டும் பயனில்லை. முதலில் தண்டைச் சரிசெய்யுங்கள்.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேரிங் மாற்றும்போது அதன் எண், செய்த கம்பெனி, வாங்கிய கடை மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அதே கார் வைத்திருக்கும் நண்பர்களுக்கும் சொல்லுங்கள். ஆளுக்கொரு எண்ணாகச் சேர்த்தால் அடுத்த தலைமுறைக்கு ஒரு முழுப் பட்டியலே கிடைத்துவிடும். பெயின்ட்டிலும் சீட் கவரிலும் சிக்கனம் பிடியுங்கள். பேரிங்கில் வேண்டாம். அது குடும்பத்தின் உயிர் சம்பந்தப்பட்டது.