எட்டு கோர்... எண்ணிப் பார்த்தா நாலா?

லேப்டாப் வாங்கக் கடைக்குப் போனா, "பத்து கோர் தம்பி... சும்மா பறக்கும்!"னு ஆரம்பிப்பார் சேல்ஸ்மேன். "கோர்னா என்னண்ணே?"னு கேட்டுப் பாருங்க. "பேக் ஃப்ரீ தம்பி"னு ரூட்டை மாத்திடுவார். அவரைச் சொல்லிக் குத்தமில்லை பாஸ். அமெரிக்காவில் கோர்ட் படியேறிய கேள்வி இது!

2011 அக்டோபரில் ஏஎம்டி நிறுவனம் எஃப்எக்ஸ்-8150 என்ற டெஸ்க்டாப் சிப்பை இறக்கியது. டிசைனுக்குப் பெயரே 'புல்டோசர்'. 'எட்டு கோர்' என்று விளம்பரத்தில் ஏக அமர்க்களம். உள்ளே இருந்ததோ நாலு 'மாட்யூல்'. ஒவ்வொன்றிலும் முழு எண் கணக்குப் போட இரண்டு தனித்தனிப் பகுதிகள். ஆனால், கட்டளைகளை எடுத்துப் பிரித்துக் கொடுக்கும் பகுதி, தசமக் கணக்குப் பகுதி, எல்2 கேஷ் மெமரி... இதெல்லாம் ரெண்டுக்கும் பொது.

ஹாஸ்டல் கணக்கில் சொன்னா, ரெண்டு ரூமுக்கு ஒரே பாத்ரூம். ராத்திரி அரட்டை அடிக்கிற வரைக்கும் பிரச்னையே இல்லை. காலையில எட்டே முக்காலுக்குத்தான் தெரியும் சேதி! தசமக் கணக்கு அதிகம் தேவைப்படும் 3டி வேலைகளில் இங்கேயும் அதே க்யூதான்.

விண்டோஸ் 8 வந்தபோது அதன் டாஸ்க் மேனேஜரே இந்தச் சிப்பை 'கோர் 4, லாஜிக்கல் புராசஸர் 8' என்றுதான் காட்டியது. 2015 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் வழக்கு விழுந்தது. எட்டு என்று சொல்லி நாலை விற்றார்கள் என்பது புகார்.

ஏஎம்டி பக்கம் பேசவும் பாயின்ட் இருக்கு. 1985-ல் வந்த இன்டெல் 386-ல் தசமக் கணக்குப் பகுதியே கிடையாது. வேணும்னா 387 என்று தனிச் சிப் வாங்கணும். 2005-ல் சன் நிறுவனத்தின் அல்ட்ராஸ்பார்க் டி1-ல் எட்டு கோருக்கும் சேர்த்து தசமக் கணக்குப் பகுதி ஒண்ணே ஒண்ணு! ஆனா அது சர்வர் சிப். வாங்கினவங்க டேட்டாஷீட்டைப் புரட்டிட்டு வாங்கினவங்க. கேம் ஆட வாங்கும் பையன் பார்ப்பது அட்டைப்பெட்டியில் இருக்கும் நம்பரை மட்டும்தானே!

2019-ல் 1 கோடியே 21 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. ஏஎம்டி தவறை ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் 'கோர்' என்றால் என்ன என்று தீர்ப்பு வரவே இல்லை! அதற்குள், 2017-லேயே ரைசன் சிப்பில் ஒவ்வொரு கோருக்கும் தனித் தசமக் கணக்குப் பகுதி கொடுத்திருந்தது ஏஎம்டி.

அப்போ அந்தப் பத்து கோர்? 2022-ல் வந்த இன்டெல் ஐ5-1235யு-வை எடுத்துக்குங்க. வேகமான 'பி' கோர் ரெண்டு, கரன்ட்டை மிச்சம் பிடிக்கும் சின்ன 'ஈ' கோர் எட்டு. கூட்டினா பத்து. பொய் இல்லை. எது எத்தனைன்னு இன்டெல் தளத்தில் பிரிச்சே போட்டிருக்காங்க. கடையில்தான் கூட்டிச் சொல்றாங்க!

டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கம் போனா மொத்த கோர் எண்ணிக்கை தெரியும். பி எத்தனை, ஈ எத்தனைன்னு அங்கே பிரிச்சுக் காட்டாது. அதனால, கோரை விடுங்க... சிப்போட முழு மாடல் நம்பரைக் கேட்டு வாங்கி, கடை வாசலிலேயே செல்போனில் தேடிப் பாருங்க. பேக் எப்படியும் ஃப்ரீதான்!