விடால் தாளும் மூன்றாவது வாரமும்

ராசிங்காபுரத்திலிருந்து விடிவதற்குள் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்களுக்குக் காய்ச்சல் வந்தால், முதல் கவலை கூலி போகிறதே என்பதுதான். நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போடிக்கு வந்து ரத்தம் கொடுப்பார்கள். விடால் பரிசோதனையில் ‘பாசிட்டிவ்’ என்று வந்தால் டைபாய்டு என்று முடிவு. வீட்டில் குழம்பு நின்று கஞ்சி தொடங்கிவிடும்.

அந்தத் தாளை முழுசாக நம்ப முடியாது. 1896-இல் வந்த பரிசோதனை அது. கிருமியை அது தேடுவதே இல்லை. உடம்பு உண்டாக்கிய எதிர்ப்புப் புரதத்தைத்தான் பார்க்கிறது. பழைய தொற்றோ வேறொரு காய்ச்சலோகூட அதைப் பாசிட்டிவ் ஆக்கிவிடும். நிஜமான டைபாய்டு முதல் வாரத்தில் அதில் சிக்காமலும் போகும். உறுதி செய்ய, ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சர் வேண்டும். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே ரத்தம் எடுத்துவிட வேண்டும் என்பதுதான் அதில் சிக்கல். நம்மூரில் மாத்திரை முந்திக்கொள்ளும்.

அதற்காக டைபாய்டு அரிது என்று நினைத்துவிடக் கூடாது. 2017 முதல் 2020 வரை நான்கு இடங்களில் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், வேலூர் நகரத்தில் ஆண்டுக்கு லட்சம் குழந்தைகளுக்கு 1,173 பேர் என்ற கணக்கு வந்தது. அத்தனையும் கல்ச்சரில் உறுதியானவை. கொல்கத்தா, டெல்லிகூட அதற்குக் கீழேதான். புனே பக்கத்துக் கிராமங்களில் வெறும் 35. ஒரே நாட்டுக்குள் இவ்வளவு ஏற்றத்தாழ்வு!

எவ்வளவு ஆபத்து? சிறுகுடலின் கடைசிப் பகுதியில் நிணநீர்த் திசுத் திட்டுகள் இருக்கின்றன. டைபாய்டுக் கிருமியான சால்மோனெல்லா டைஃபி அங்கேதான் கூடு கட்டுகிறது. திட்டு வீங்கும், புண்ணாகும். சிகிச்சை இல்லாமல் விட்டால், மூன்றாவது வாரம் போல அந்த இடம் ஓட்டையாகிக் குடலில் இருப்பது வயிற்றுக்குள் கசியலாம். பிறகு அறுவை சிகிச்சைதான். 2019-இல் உலகில் சுமார் 90 லட்சம் பேருக்கு டைபாய்டு வந்தது, 1.1 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

சிப்ரோஃப்ளாக்சசின் இந்தியாவில் பெரும்பாலும் பலிப்பதில்லை. இன்று அசித்ரோமைசின், செஃப்ட்ரியாக்சோன் போன்றவைதான் கைகொடுக்கின்றன. சரியான மருந்து கொடுத்தாலும் காய்ச்சல் இறங்க நாலைந்து நாள் பிடிக்கும். இரண்டாம் நாளே ‘மருந்து கேட்கவில்லை’ என்று டாக்டரை மாற்றுவதும், ஐந்தாம் நாள் உடம்பு லேசானதும் மாத்திரையை நிறுத்தி ஜீப் ஏறுவதும் நடக்கிறது. பாதியில் விட்டால் காய்ச்சல் திரும்பலாம். குணமானவர்களிலும் சிலருடைய பித்தப்பையில் கிருமி ஆண்டுக்கணக்கில் தங்கி, மலத்தோடு வெளியேறிக்கொண்டிருக்கும். அவர்களுக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது. ஆனால் கை கழுவாமல் அவர்கள் சமைத்தால் சாப்பிடுகிறவர்களுக்கு வரலாம். இந்தக் கிருமிக்கு மனிதனை விட்டால் வேறு புகலிடம் கிடையாது, ஆடு மாடுகளிடமிருந்து வருவதில்லை.

ஒன்பது மாதக் குழந்தைக்கே ஒரே ஊசியாகப் போடக்கூடிய தடுப்பூசி ஹைதராபாத்திலேயே தயாராகிறது. 2018-இல் நவி மும்பை மாநகராட்சி தன் பகுதிக் குழந்தைகளுக்கு அதைப் போடத் தொடங்கியது.