முறையிடுவது புறம்பேசுவதாகுமா?

விடுதியில் நாள்தோறும் சக மாணவர்களால் இழிவுபடுத்தப்படும் பிள்ளை பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. அச்சம் ஒரு காரணம். மார்க்கக் கல்வி பெறும் பிள்ளைகளிடம் மற்றொரு காரணமும் உண்டு. பிறர் குற்றத்தை எடுத்துரைப்பது புறமாகிவிடும், பொறுத்துக்கொள்வதே ஸப்ர் என்று அவர்கள் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் பிழையானது.

ஸூரத்துல் ஹுஜுராத்தின் 11ஆம் வசனம் கேலியையும், குத்திக்காட்டுவதையும், பட்டப்பெயர் சூட்டுவதையும் தடுக்கிறது. அடுத்த வசனம் புறம்பேசுவதைத் தடுக்கிறது. முதல் தடையை மீறியோரால் துன்புற்ற சிறுவன், இரண்டாம் தடைக்கு அஞ்சி ஊமையாகிறான்! ஆயின் ஸூரத்துன் னிஸாவின் 148ஆம் வசனம், தீய சொல்லை வெளிப்படையாகக் கூறுவதை அல்லாஹ் விரும்புவதில்லை என்னுமிடத்திலேயே அநீதிக்குள்ளானவருக்கு விலக்களிக்கிறது.

இமாம் நவவி (ரஹ்) ரியாளுஸ் ஸாலிஹீனில் புறம் அனுமதிக்கப்படும் ஆறு இடங்களைக் கூறுகிறார்கள். முதலாவது, அநீதியிழைக்கப்பட்டவர் நீதி பெற்றுத்தரும் ஆற்றலுடையவரிடம், இன்னார் எனக்கு இவ்வாறு செய்தார் என முறையிடுவது. இரண்டாவது, தீமையை அகற்ற உதவி நாடுவது. பார்த்துக்கொண்டிருந்த தோழனுக்கும் இதில் வழியுண்டு.

அபூதர் (ரலி) ஒரு மனிதரை அவருடைய தாயைச் சொல்லி இழிவுபடுத்தினார்கள். அவர் பிலால் (ரலி) என்பது பிரபலம். புகாரியின் அறிவிப்பில் பெயர் இல்லை. அம்மனிதர் நபி (ஸல்) அவர்களிடம் சென்று சொன்னார். ஏன் சொன்னாய் என்று அவர் கேட்கப்படவில்லை, விசாரிக்கப்பட்டவர் அபூதர்தாம். அறியாமைக் காலத்துக் குணம் உம்மிடம் இருக்கிறது என்று கண்டிக்கப்பட்டவரும் அவரே.

இன்று அந்த ஆற்றலுடையவர் யார்? விடுதிக் காப்பாளர், உஸ்தாத், முதல்வர், பெற்றோர். அவர்கள் கைவிட்டால் அரசு இருக்கிறது. தமிழகத்தில் 1997ஆம் ஆண்டின் ராகிங் தடைச்சட்டம் ஈராண்டுவரை சிறைத்தண்டனை விதிக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிகள் கல்லூரிதோறும் ராகிங் தடுப்புக் குழுவைக் கட்டாயமாக்கின. பதினெட்டு வயதுக்குட்பட்டோர் 1098 என்ற எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம். எந்த நாள், எவ்விடம், யார் செய்தார், யார் கண்டார் என்பதை எழுதிவைத்திருந்தால் முறையீடு வலுப்பெறும்.

கேட்பவர் பக்கத்திலும் ஒரு சொல். சில ஆசிரியர்கள் இருவரையும் ஒருசேர நிறுத்தி, ஸலாம் சொல்லிக் கைகொடுங்கள் என்று அனுப்பிவிடுகின்றனர். அன்றிரவு அதே அறையில் அப்பிள்ளைக்கு என்ன நேரும் என்பதை எண்ணுவதில்லை. முறையிட்டவனைத் தனியே அழைத்துக் கேட்க வேண்டும். இரவுக்கு முன் படுக்கையை வேறு அறைக்கு மாற்ற வேண்டும். விசாரணை அதன் பின்னர்தான்.