இரத்தம் நின்ற பின்னும் விழிப்பு வேண்டும்

பால்வெட்டும் கத்தி கை தவறிக் காலில் பாய்வதும், மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்து எலும்பு முறிவதும், பிரசவத்தின்போது தாய்க்கு அளவுக்கு மீறி இரத்தம் போவதும் தோட்டப்புறங்களில் கேள்விப்படாதவை அல்ல. இவ்வேளைகளில் அனைவரது கவனமும் இரத்தத்தை நிறுத்துவதிலேயே இருக்கும். அது முறையே. ஆனால், இரத்தம் நின்றுவிட்டது, தையலும் போட்டாயிற்று, இனி அச்சமில்லை என்று இருந்துவிடுவது சரியன்று. மிகுதியாக இரத்தத்தை இழந்த உடல், அதன்பின் பல நாள்களுக்கு நோய்க்கிருமிகளை எதிர்க்கும் ஆற்றலில் குன்றியே இருக்கும். அந்நாள்களில் புகும் கிருமி ‘செப்சிஸ்’ என்னும் கொடிய நிலைக்கு வழிகோலக்கூடும். இஃது எவ்வாறு நிகழ்கின்றது, இதனின்று எவ்வாறு தப்பலாம் என்பதைக் காண்போம்.

இரத்தமும் அதன் காவலர்களும்

வளர்ந்த ஒருவரின் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம் ஓடிக்கொண்டிருக்கின்றது. அதிலுள்ள செவ்வணுக்கள் உயிர்வாயுவை எல்லா உறுப்புகளுக்கும் சுமந்து செல்கின்றன. வெள்ளணுக்களோ உடலின் காவலர்கள். ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 4,000 முதல் 11,000 வரை வெள்ளணுக்கள் இருப்பது இயல்பு.

இக்காவலர்களில் பல வகையினர் உளர். ‘நியூட்ரோபில்’ எனும் அணுக்கள் கிருமி புகுந்த இடத்திற்கு முதலில் விரைந்து சென்று அதனை விழுங்கி அழிக்கின்றன. ‘லிம்போசைட்’ எனும் அணுக்கள் எதிரி இன்னது என அடையாளம் கண்டு, அதற்கேற்ற படைக்கலத்தை ஆக்கி, அதனை நெடுங்காலம் நினைவிலும் வைத்திருக்கின்றன. எலும்பின் உட்சோறு நாள்தோறும் ஏறத்தாழ 10,000 கோடி நியூட்ரோபில்களை உண்டாக்கி அனுப்புகின்றது.

பெரும் இரத்தப்போக்கு செய்யும் கேடு

உடலிலுள்ள இரத்தத்தில் நூற்றுக்கு 15 பங்கு வரை, அதாவது சுமார் 750 மில்லிலிட்டர் போனாலும், நலமுள்ள உடல் தாங்கிக்கொள்ளும். 30 பங்குக்கு மேல் போனால் இரத்த அழுத்தம் வீழும். 40 பங்கு, அதாவது 2 லிட்டர் போய்விட்டால் உயிருக்கே உடனடி ஆபத்தாகும்.

இரத்தத்தோடு வெள்ளணுக்களும் வெளியேறிவிடுவதால்தான் எதிர்ப்பாற்றல் குறைகின்றது என்று பலர் எண்ணுவர். உண்மைக் காரணம் வேறு. இரத்தம் குறையும்போது உறுப்புகளுக்குப் போதிய உயிர்வாயு கிட்டுவதில்லை. உயிரணுக்கள் பல வாடி மடிந்து, தம்முள் இருந்த பொருள்களை வெளியே சிந்துகின்றன. வெள்ளணுக்கள் இதனைக் கிருமியின் தாக்குதல் எனக் கருதி எச்சரிக்கைப் பொருள்களைச் சுரக்கின்றன. எதிரி இல்லாத இடத்திலும் போர் மூள்கின்றது. இப்போரில் நுரையீரல், சிறுநீரகம் முதலிய சொந்த உறுப்புகளே புண்படுகின்றன.

மறுபுறம், இப்போரை அடக்குவதற்கான பொருள்களையும் உடல் சுரக்கின்றது. அவை மிகும்போது லிம்போசைட்டுகள் பெருமளவில் மடிகின்றன; பிற வெள்ளணுக்கள் கிருமியை இனங்காட்டும் திறனை இழக்கின்றன. அவசரத்தில் எலும்பின் உட்சோறு முதிர்ச்சி பெறாத அணுக்களையும் இரத்தத்தில் இறக்கிவிடுகின்றது. பயிற்சி முடியாத காவலரைப் போன்று அவை திறம்படச் செயற்படுவதில்லை. இரத்த ஓட்டம் குறைந்தமையால் குடலின் உட்சுவரும் நலிவடைகின்றது.

அளவுக்கு மீறி வெட்டப்பட்ட பால்மரத்தின் பட்டை வறண்டு, பின்னர் எத்தனை முறை கத்தி வைத்தாலும் பால் சுரக்காமற் போவதை நாம் அறிவோம். மரத்திற்கு ஓய்வு தேவைப்படுவதுபோல், இத்தகைய உடலுக்கும் காலமும் கவனிப்பும் தேவை. எனவேதான், பெருங்காயமுற்றவர்களுக்குக் காயத்தில் சீழ் பிடிப்பதும் நுரையீரல் அழற்சி காண்பதும் சில நாள்கள் சென்ற பின் நேர்கின்றன.

செப்சிஸ் என்பது யாது?

‘இரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது’ என்று பெரியோர் கூறக் கேட்டிருப்பீர்கள். அதனையே மருத்துவர்கள் செப்சிஸ் என்கின்றனர். கிருமித் தொற்றை எதிர்க்கப் புறப்பட்ட உடல், கட்டுப்பாட்டை இழந்து தன் உறுப்புகளையே சேதப்படுத்தி, உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் நிலையே செப்சிஸ் என 2016ஆம் ஆண்டில் மருத்துவ வல்லுநர்கள் வரையறுத்தனர். 2017ஆம் ஆண்டில் உலகில் சுமார் 4 கோடியே 89 இலட்சம் பேருக்கு இது கண்டது என்றும், 1 கோடியே 10 இலட்சம் பேர் இதன் தொடர்பாக இறந்தனர் என்றும் கணக்கிடப்பட்டுள்ளது.

செப்சிஸில் இரத்தக் குழாய்களின் சுவர் கசியத் தொடங்குகின்றது. சிறு குழாய்களில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்கின்றது. இரத்த அழுத்தம் தாழ்கின்றது. இத்தாக்குதலில் பிழைத்தவர்களுக்கும் இரண்டாம் ஆபத்து ஒன்று உண்டு. செப்சிஸால் இறந்தவர்களின் மண்ணீரலையும் நுரையீரலையும் அமெரிக்க ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2011இல் முடிவுகளை வெளியிட்டனர். எதிர்ப்பணுக்கள் தம் ஆற்றலை வெகுவாக இழந்திருந்ததை அவர்கள் கண்டனர். முதல் போரில் களைத்த உடல், சாதாரணக் கிருமிக்கும் எளிதில் இரையாகின்றது. முன்னரே இரத்தம் இழந்து நலிந்தவருக்கு இவ்விரு கேடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கின்றன.

மண்ணில் வாழும் கிருமி

மண்ணோடும் சேற்றோடும் உழைப்போர் கருத்திற் கொள்ள வேண்டிய நோய் ஒன்றுண்டு. அது ‘மெலியோய்டோசிஸ்’ எனப்படும். இப்பெயரை 1921இல் இட்டவர்கள், கோலாலம்பூரில் இயங்கிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஸ்டாண்டன், பிளெட்சர் ஆகிய மருத்துவர்கள் ஆவர். ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் இக்கிருமி, தோலிலுள்ள காயத்தின் வழியாகவும் மூச்சின் வழியாகவும் உட்புகுந்து செப்சிஸை உண்டாக்க வல்லது. நீரிழிவு நோயாளிகளே இதற்குப் பெரிதும் ஆளாகின்றனர். ஆதலால், காயம் ஆறும்வரை அதனை மூடிக் கட்டிக்கொள்வதும், பூட்சு அணிந்து வேலைக்குச் செல்வதும் இன்றியமையாதவை.

நாம் செய்ய வேண்டியவை

இரத்தம் பெருகினால் சுத்தமான துணியைக் காயத்தின்மீது வைத்து, கையை எடுக்காமல் இறுக அழுத்துங்கள். 999 எண்ணை அழைத்து ஆம்புலன்சை வரவழையுங்கள். காப்பித்தூள், சாம்பல், புகையிலை முதலியவற்றைக் காயத்தில் அப்புதல் கூடாது. அவை கிருமிகளை உள்ளே கொண்டு சேர்க்கும். டெட்டனஸ் நோய்க்கான தடுப்பூசியைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். மருத்துவர் தந்த மருந்தைக் கூறிய நாள்வரை உட்கொள்ளுங்கள். வீட்டில் மிஞ்சிய பழைய மாத்திரைகளைத் தாமாகவே உண்பது தீங்காகும்.

பிரசவத்தில் அரை லிட்டருக்கு மேல் இரத்தம் இழந்த தாய்மார்களைக் குடும்பத்தினர் தனிக் கவனத்துடன் பேணுதல் வேண்டும். காய்ச்சல், அடிவயிற்று வலி, துர்நாற்றமுள்ள கசிவு ஆகியவை காணப்பட்டால், வீடு தேடி வரும் தாதிக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இரத்தம் மீண்டும் ஊறுவதற்கு மருத்துவர் தரும் இரும்புச்சத்து மாத்திரைகளையும், மீன், முட்டை, பருப்பு, கீரை ஆகிய உணவையும் தவறாது கொடுத்து வாருங்கள்.

காயமுற்றவருக்கோ, அறுவைச் சிகிச்சை பெற்றவருக்கோ, பிள்ளை பெற்றவருக்கோ பின்வரும் அறிகுறிகளில் எதுவும் தோன்றினால் பொழுது விடியட்டும் என்று காத்திருத்தல் ஆகாது: குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், அல்லது உடல் வழக்கத்திற்கு மாறாகச் சில்லிட்டுப் போதல், மூச்சு வேகமாக வாங்குதல், நாடி விரைந்து துடித்தல், பேச்சில் குழப்பம் அல்லது தீராத மயக்கம், சிறுநீர் மிகக் குறைதல், தோல் வெளிறித் திட்டுத்திட்டாக நிறம் மாறுதல். முதியோருக்குக் காய்ச்சல் இல்லாமலேயே செப்சிஸ் வரக்கூடும் என்பதையும் மறவாதீர்கள். இரத்த அழுத்தம் வீழ்ந்த செப்சிஸ் நோயாளிக்குக் கிருமிக்கொல்லி மருந்தை ஒரு மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும் என்பது மருத்துவ உலகின் விதி.

மருத்துவமனையில், “இன்ன நாளில் இவருக்கு இவ்வளவு இரத்தம் போயிற்று, இன்று இந்த அறிகுறி தோன்றியது, இது செப்சிஸாக இருக்குமோ?” என்று தயங்காமல் கேளுங்கள். அந்தச் செய்தி மருத்துவர்க்குப் பெருந்துணையாக இருக்கும். காயம்பட்ட அன்று காட்டும் அதே அக்கறையை, அது முற்றும் ஆறும் நாள்வரை காட்டுவதே நம் குடும்பத்தாருக்கு நாம் ஆற்றும் கடமையாகும்.