மதுவுக்கு அளவு உண்டு, போதைப்பொருளுக்கு இல்லை

புது தில்லி: தேசிய நெடுஞ்சாலையில் நள்ளிரவு வாகனச் சோதனையில் இரு லாரி ஓட்டுநர்கள் நிறுத்தப்படுவதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் மது அருந்தியவர். மற்றவர், தூக்கத்தை விரட்டுவதற்காக, பஞ்சாப், ராஜஸ்தான் பகுதிகளில் 'புக்கி' என்று அழைக்கப்படும் அபினிக்காய் ஓட்டின் தூளை உட்கொண்டவர். முதலாமவரின் குற்றத்தை மூச்சுப் பரிசோதனைக் கருவி சில விநாடிகளில் காட்டிவிடும். இரண்டாமவர் அதே கருவியில் ஊதினால் பூஜ்யம்தான் வரும்.

இருவருமே குற்றவாளிகள் என்கிறது 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். ஆனால், அதன் 185-வது பிரிவு இருவரையும் இருவேறு அளவுகோல்களால் அளக்கிறது. 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் மது இருந்தாலே குற்றம். ஓட்டுநர் நிதானமாக இருந்தாரா என்ற கேள்விக்கு இடமில்லை. போதைப்பொருளுக்கோ அப்படி எந்த எண்ணும் இல்லை. 'வாகனத்தைச் சரிவரக் கட்டுப்படுத்த இயலாத அளவுக்கு' அதன் ஆதிக்கத்தில் இருந்தார் என்பதை போலீஸார் மெய்ப்பிக்க வேண்டும்.

தண்டனை உயர்ந்தது

2019 செப்டம்பர் 1-ல் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தம், முதல் குற்றத்துக்கான அபராதத்தை ரூ. 2 ஆயிரத்திலிருந்து ரூ. 10 ஆயிரமாக உயர்த்தியது. இத்துடன் அல்லது இதற்குப் பதிலாக 6 மாதம் வரை சிறைத் தண்டனையும் விதிக்கலாம். மறுமுறை பிடிபட்டால் 2 ஆண்டுகள் வரை சிறை அல்லது ரூ. 15 ஆயிரம் அபராதம் அல்லது இரண்டும். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் வரையறுக்கப்பட்ட பொருள்கள் அனைத்தும் 185-வது பிரிவில் அடங்கும் என்பதையும் அத்திருத்தம் தெளிவாக்கியது.

எனினும், சோதனை முறை பழையபடியே நீடிக்கிறது. ஓட்டுநரிடம் மூச்சு மாதிரி கோரும் அதிகாரத்தை 203-வது பிரிவு அளிக்கிறது. கருவி மது இருப்பதாகக் காட்டினாலோ, ஓட்டுநர் ஊத மறுத்தாலோதான் 204-வது பிரிவின்படி ரத்த மாதிரி கேட்க முடியும். ஊதி, பூஜ்யம் பெற்றவரை இவ்விரு பிரிவுகளின் கீழ் மேற்கொண்டு சோதிக்க வழியில்லை. கைது செய்யப்பட்டவரை மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த, 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பொது விதிகளையே நாட வேண்டும்.

தள்ளாட்டம் போதாது

பரிசோதனை இல்லாத வழக்கு நீதிமன்றத்தில் நிற்பது கடினம். மது நாற்றம், தள்ளாடும் நடை, விரிந்த கண்மணி, குழறும் பேச்சு ஆகியவற்றை மட்டும் கொண்டு ஓட்டுநர் போதையில் இருந்தார் என்று முடிவு செய்ய இயலாது என 1971-ல் மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

மறுபுறம், பரிசோதனை முடிவே தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும் அபாயமும் உண்டு. கஞ்சாவின் எச்சம் மயக்கம் தெளிந்து பல நாள்கள் கழித்தும் சிறுநீரில் தென்படும். கடந்த வாரம் புகைத்தவர் இன்று நிதானமாக ஓட்டினாலும் முடிவு பாதகமாகவே வரும். இதனால்தான் பிரிட்டன் 2015-ல் ரத்தத்தில் ஒவ்வொரு போதைப்பொருளுக்கும் தனித்தனி வரம்பை வகுத்தது; சாலையிலேயே உமிழ்நீரைச் சோதிக்கும் கருவியையும் போலீஸாருக்கு வழங்கியது.

ஹோலி நாள்களில் வட மாநிலங்களில் அருந்தப்படும் பாங்கு இன்னொரு சிக்கல். கஞ்சா செடியின் பூக்களும் காய்களும் போதைப்பொருள் சட்டத்தின் வரம்புக்குள் வருகின்றன. இலையும் விதையும் மட்டும் தனியே இருந்தால் வருவதில்லை. எனவே இலையிலிருந்து தயாராகும் பாங்கு சில மாநிலங்களில் உரிமம் பெற்ற கடைகளிலேயே விற்கப்படுகிறது. அருந்தியவர் ஓட்டும்போது அவரது நிதானமும் மற்றவர்களைப் போலவே குலைகிறது.

இரட்டை வலை

புக்கி உட்கொண்ட ஓட்டுநரைச் சூழ்வது மோட்டார் வாகனச் சட்டம் மட்டுமல்ல. வண்டியே ஓட்டாவிட்டாலும், உட்கொண்டதற்காகவே போதைப்பொருள் சட்டத்தின் 27-வது பிரிவின்படி 6 மாதம் வரை சிறையோ, ரூ. 10 ஆயிரம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஹெராயின், கோகெய்ன் போன்றவற்றுக்கு ஓராண்டு வரை கடுங்காவல். அதேசமயம், அடிமையானவர் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு அளிக்க 64-ஏ பிரிவு வழிசெய்கிறது. வேலை பறிபோகும் என அஞ்சும் ஓட்டுநர் அந்தக் கதவைத் தட்டுவது எளிதல்ல.

நாட்டில் 2022-ல் மட்டும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை தெரிவிக்கிறது. அதில் மதுவும் போதைப்பொருளும் ஒரே தலைப்பின் கீழ் சேர்க்கப்பட்டுள்ளன. போதைப்பொருளால் நேர்ந்த மரணங்கள் எத்தனை என்பதைத் தனியே அறிய முடியாது.

எண்ணப்படாத குற்றத்துக்கு அபராதத்தை எவ்வளவு உயர்த்தினாலும் பயன் குறைவே. அளவை வரையறுப்பதும், சாலையோரச் சோதனைக்குச் சட்டத்தில் இடமளிப்பதும், ஓட்டுநருக்கு உறங்க நேரம் தருவதும் ஒருசேர நடந்தால்தான் எதிரே வருபவரின் உயிருக்குக் காப்பு கிடைக்கும்.